நாற்பதடித் தேக்கு

அந்த மேடையில உக்காராதீங்க தம்பி. உங்களச் சொல்லிக் குத்தமில்ல, வாரவன் பூரா அதுலதான் உக்காருதான். பலிபீடத்துக்கும் நந்திக்கும் நடுவுல இப்படி ஒரு மேடை வெறுமனே கெடந்தா, இது என்ன ஏதுன்னு கேக்கணுமா இல்லையா? கேக்க மாட்டான். சப்பணம் போட்டு உக்காந்து புளியோதரை திம்பான். தின்ன கைய எங்க தொடைப்பான்? அந்தா, அந்தத் தூணுல. எண்ணெயும் விபூதியும் சோத்துப் பருக்கையுமா அது எப்படி மினுங்குது பாருங்க. காலையில வந்ததும் அதுலதான் எனக்கு முழிப்பு.

வீட்டம்மா அர்ச்சனைக்கு உள்ள போயிருக்காங்களா? அப்ப நேரமாகும். பட்டர் இப்பதான் டீ குடிக்கப் போனாரு. இங்கன இந்தப் படியில உக்காருங்க. இருங்க, ஊதிட்டு உக்காருங்க. எவனோ சக்கரப் பொங்கலச் சிந்தியிருக்கான், எறும்பு மொய்க்கி. சீ.

என்ன கேட்டீங்க? ஆமா, அது கொடிமர மேடைதான். மேடை இருக்கு, மரம் இல்ல. மூணு வருசமா இந்த ஊருல பங்குனித் திருவிழா கெடையாது. கொடி ஏத்துனாத்தான திருவிழா? மரம் இல்லாம கொடிய எங்க ஏத்த, என் தலையிலயா? தேரு தகரக் கொட்டகைக்குள்ள வௌவால் புழுக்கையோட நிக்கி. யாரால இப்படி ஆச்சுன்னு இந்த நாலு தெருவுல எவனக் கேட்டாலும் என் பேரச் சொல்லுவான். சவத்துப் பயலுவ. அதனாலதான் சொல்லுதேன், அவனுவ வாயால கேக்கதுக்கு முந்தி என் வாயால கேட்டுட்டுப் போங்க.

நான் எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கிற வேலை. வேலை என்ன வேலை, மனுசனோட அசிங்கத்தத் தோண்டி எடுக்கிற வேலை. தராசுத் தட்டுக்கு அடியில கொட்டையெடுத்த புளிய ஒட்டி வச்சிருப்பான். படிக்கல்லுக்குப் பின்னால ஈயத்தச் சொரண்டி எடுத்திருப்பான். மீனு நிறுக்குறவ ஈரத் துணியத் தட்டுல போட்டு அதோட சேத்து நிறுப்பா. மண்ணெண்ண ஊத்துறவன் லிட்டர் அளவோட அடியத் தட்டி உள்ள தள்ளியிருப்பான். எல்லாரும் நெத்தி நெறைய பூசியிருப்பான், கல்லாவுக்கு மேல சாமி படம் இருக்கும், அதுக்கு மல்லிகப்பூ சாத்தியிருக்கும். நான் தட்டத் திருப்புனா அடியில புளி. சர்வீஸ் பூரா நான் பாத்தது இதத்தான் தம்பி. அதுக்கப்புறம் எனக்கு எந்த மனுசன் சிரிச்சாலும் அடியில என்னத்த ஒட்டியிருக்கான்னுதான் தோணும். அது என் புத்தி இல்ல, அனுபவம்.

எனக்கு ஒரே தங்கச்சி, ஆவுடைன்னு பேரு. அம்மா போனப்ப அவ சின்னப்புள்ள. நாந்தான் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். எனக்குப் பின்னத் தெரியாது, ரெட்டைச் சடைன்னு சொல்லி ரெண்டு முடிச்சு போட்டு விடுவேன், அதோடயே போவா. அவள இந்த ஊருலயே பலசரக்குக் கடை வச்சிருக்க தெய்வநாயகத்துக்குக் குடுத்தேன். பத்துப் பொருத்தமும் சோசியர் பாத்தாரு. பதினோராவது பொருத்தம் நான் பாத்தேன். தாம்பூலம் மாத்துறதுக்கு முந்தின வாரம், சொல்லாமக் கொள்ளாம அவன் கடைக்குள்ள போய்த் தராசக் கவுத்துப் பாத்தேன். ஒண்ணுமில்ல. படிக்கல்ல ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்தேன். குண்டுமணி குறையல.

கல்யாணத்துக்குப் பெறகும் விடல. வருசா வருசம் போவேன். மத்த கடையில ஒரு தடவ பாத்தா, இவன் கடையில ரெண்டு தடவ பாப்பேன், மச்சினன் கடைன்னு விட்டுட்டான்னு எவனும் பேசிறக்கூடாது பாருங்க. ஒரு தடவ கூடச் சிக்கல. அவனே எந்திரிச்சு, “வாங்க மச்சான், முதல்ல இதப் பாருங்க”ன்னு தராசத் தூக்கி என் முன்னால வைப்பான். எனக்கு அதுதான் பத்தி எரியும். நீங்களே யோசிச்சுப் பாருங்க. பலசரக்குக் கடை வச்சிருக்கவன், இத்தன வருசத்துல ஒரு தடவ கூடச் சிக்கலன்னா, அவன் நல்லவன்னு அர்த்தமா? எப்பேர்ப்பட்ட கைகாரன்னு அர்த்தம்.

சரி, கதைக்கு வாரேன். பழைய கொடிமரம் இருந்துச்சே, மேல செப்புக் கவசம் பளபளன்னு இருக்கும். கும்பாபிஷேகத்துக்குன்னு கவசத்தக் கழட்டிப் பாத்தா உள்ள மரத்தையே காணும். பூரா கறையான். மண்ணும் பூச்சியுமா பொலபொலன்னு கொட்டுது, ஒரு நாத்தம் வேற. இத்தன வருசமா ஊரே விழுந்து விழுந்து கும்பிட்டது அந்தக் கறையான் புத்தத்தான். எனக்கு அன்னைக்கி சோறு எறங்கல. புதுமரம் வைக்கணும், அதுவும் உளுத்துப் போவாத மரமா வைக்கணும்னு முதல்ல சொன்னவன் நாந்தான். கமிட்டி போட்டாவ. நான் செயலாளர். பொருளாளர் யாருன்னு நெனைக்கீங்க? அவனேதான். ஊரு கூடி அவனத்தான் போடணும்னுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சொந்தக்காரனா இருந்துக்கிட்டு என்னத்தச் சொல்ல?

மரம் பாக்க மலையாளத்துக்குப் போகணும். ஸ்தபதி, பொருளாளர், நான், மூணு பேரும் போறதா ஏற்பாடு. போறதுக்கு முந்தின நாள் ஆவுடை வீட்டுல சாப்பாடு. அவியல் வச்சிருந்தா. வீட்டுக்கு வந்து படுத்தவன்தான், வயித்தால போயி எந்திரிக்க முடியல. ஸ்தபதியும் அவனும் காருல போயிட்டாவ. அந்த அவியல அவனும் தின்னான், அவளும் தின்னா, பக்கத்து வீட்டுப் புள்ளைகளும் தின்னுச்சு. எனக்கு மட்டும் எப்படிப் போவுது? தப்பா நெனைக்காதீங்க, தங்கச்சி கையால போட்ட சோத்த நான் சந்தேகப்பட மாட்டேன். கேள்விதான கேக்குதேன்.

போயி ஒரு எஸ்டேட்டுல மரத்தப் பாத்து முடிச்சுட்டாவ. தேக்கு. நாப்பதடி, ஒரு கோணல் இல்ல, ஒரு கணு இல்ல. மரத்துக்கு மஞ்சத்துணி கட்டி, பூசை போட்டு, இதுல குடியிருக்க பட்சியெல்லாம் வேற எடம் போகட்டும்னு வேண்டிக்கிட்டு, கோடாலி வாயில தேனும் நெய்யும் தடவித்தான் முதல் வெட்டு வெட்டுவாவ. அதுதான் மொறை. லாரி செங்கோட்டை தாண்டி வருதுன்னதும் ஊரே எல்லையில போயி நின்னுச்சு. மேளம், கொழவை, ஆரத்தி. பொம்பளைக மரத்தத் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்துதாவ. லாரியோட கூடவே அந்த எஸ்டேட்டுக்காரனும் வந்திருந்தான். எறங்குனதும் தெய்வநாயகத்தக் கட்டிப் பிடிச்சான் பாருங்க, கூடப் பொறந்தவன் மாதிரி. கட்டிப் பிடிச்சுட்டு ஒரு பெரிய பொட்டலத்தக் கையில குடுத்தான். என்ன பொட்டலம்? நேந்திரங்கா வத்தல். ஒரு மர யாவாரி எதுக்கு ஒருத்தனுக்கு நேந்திரங்கா வத்தல் குடுக்கான்? அந்த எடத்துலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவன் பொட்டலத்தப் பிரிச்சு அங்கனயே எல்லாருக்கும் குடுத்துட்டான். குடுப்பான்லா, சாட்சி இருக்கக்கூடாதே. நான் தொடல. ரெண்டு தின்னேன், அவ்வளவுதான். காரல் எண்ணெய்.

மரத்தக் கோயிலுக்கு முன்னால ஓலைப் பந்தல் போட்டுக் கட்டைக மேல கெடத்தியிருந்தாவ. நான் போயிப் பாத்தேன். அடிப்பக்கம் வெட்டுன எடம், வைரம் பாஞ்சு கல்லு மாதிரி இருக்கு. நுனிப்பக்கமும் அப்படித்தான். யாராயிருந்தாலும் சரின்னு போயிருவான். நான் போவனா? ரெண்டு முனையும் நல்லாத்தான் இருக்கும். தட்டுக்கு மேல புளிய ஒட்டுறவன் உண்டா? நடுவுல என்ன இருக்கு? பச்சை மரமா இருந்தப்ப ஒரு கொப்பு ஒடிஞ்சு, அதுவழியாத் தண்ணி எறங்கி, நடுவயித்துல பொந்து விழுந்திருந்தா வெளிய தெரியுமா? சொத்தை மரத்த நல்ல மரம்னு தள்ளி விட்டுருந்தா, அதுல இவனுக்கு ஒரு பங்கு இருக்குமா இருக்காதா?

ஸ்தபதி சுத்தியலால தட்டிக் கேட்டுத்தான எடுத்தாருன்னாவ. தட்டிக் கேக்கது என்ன கணக்கு தம்பி? அவரு காதுக்கு யாரு முத்திரை வச்சா? நான் விசாரிச்சேன். கோயம்புத்தூர்ல ஒரு அம்மா இருக்காவ, யமுனான்னு பேரு. மரத்த வெட்டாம, பொளக்காம, உள்ள இருக்கத மெஷினால பாத்துச் சொல்லுறவங்க. ரோட்டோரத்து மரம் விழுமா நிக்குமான்னு பாக்கதுக்கு அவுகளத்தான் கூப்பிடுவாங்களாம். நானே போன் போட்டு, நானே வரச் சொன்னேன். ஸ்தபதி அப்ப வேற ஊரு வேலையா போயிருந்தாரு. அதுவும் நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்.

வந்தாவ. ஒரு பெட்டி, ஒரு லேப்டாப்பு, நெறைய வயரு. வெவரமா சொன்னாவ. மரத்தச் சுத்தி வரிசையா சின்னச் சின்ன ஆணி அடிக்கணும். ஒவ்வொரு ஆணியிலயும் ஒரு கருவிய மாட்டணும். ஒரு ஆணியத் தட்டுனா அந்தச் சத்தம் மரத்துக்குள்ள பாஞ்சு மத்த ஆணிக்கெல்லாம் போகும். உள்ள மரம் கெட்டியா இருந்தா நேரா, வேகமாப் போகும். நடுவுல பொந்து இருந்தா சத்தம் அதுக்குள்ள போவ முடியாம சுத்திக்கிட்டுப் போகும், நேரமாகும். அந்த நேரத்தக் கணக்குப் போட்டு மரத்த வட்டமா அறுத்துப் பாத்த மாதிரி படம் போட்டுருமாம். காப்பிக் கலரா வந்தா நல்ல மரம், நீலமா வந்தா பொந்து. எனக்கு அப்படியே குளுந்து போச்சு. மனுசனுக்கு இப்படி ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தா என் சர்வீஸ்ல எவ்வளவு அலைச்சல் மிச்சம்.

ஆணி அடிக்கதுக்கு முன்னாடி அந்தம்மா கேட்டாவ. “கோயில் மரம்ங்கிறீங்க. ஆணி பட்டைக்கு உள்ளார கொஞ்சம் போகுங்க சார். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, இருந்தாலும் யாரையாவது கேக்கணுங்களா?”ன்னு. நான், “செயலாளர் நான் நிக்கேன், வேற யாரக் கேக்கணும்?”னேன்.

அடியில ஒரு சுத்து அடிச்சுத் தட்டுனாவ. படம் வந்துச்சு. பூரா காப்பிக் கலரு. சரி, அடி நல்லாத்தான் இருக்கும்னு நான் முதல்லயே சொன்னேன்லா. நடுவுல ஒரு சுத்து. அதுவும் காப்பிக் கலரு. நுனியில ஒரு சுத்து. அதுவும் அதே எளவு. அந்தம்மா கைய ஒதறிட்டு, “மூணு எடம் பாத்தாப் போதுங்க சார். இந்த மாதிரி ஒரு மரத்த நான் பாத்ததே இல்லீங்க”ன்னாவ. போதுமாம். அந்த மூணு எடத்துக்கும் நடுவுல எவ்வளவு மரம் கெடக்கு? மூணு படிக்கல்ல நிறுத்துட்டு மூட்டையப் பூரா நல்லதுன்னு நான் முத்திரை வைக்க முடியுமா? இங்க ஒண்ணு அடிங்க, அங்க ஒண்ணு அடிங்கன்னேன். அந்தம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

அதுக்குள்ள கூட்டம் கூடிட்டு. தெய்வநாயகமும் கடைய விட்டு வந்துட்டான். ஆவுடை அந்தம்மாவுக்கு ஒரு சொம்புல மோரு கொண்டாந்தா. எல்லாரும் அவன் மூஞ்சியவே பாக்கான், நான் எதுக்கு இதச் செய்யுதேன்னு எல்லாப் பயலுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எவனா இருந்தாலும் அந்த எடத்துல என் சட்டையப் பிடிச்சிருப்பான். இவன் என்ன சொன்னான் தெரியுமா?

“மேடம், அவுக திருப்திப்படுற வரைக்கும் பாத்திருங்க. மனசுல ஒரு சந்தேகத்த வச்சுக்கிட்டு சாமிக்குக் கொடி ஏத்தக்கூடாது.”

பாத்தீங்களா நடிப்ப? குத்தமுள்ளவன்தான் இவ்வளவு நெதானமாப் பேசுவான். நான் விடுவனா? முழத்துக்கு ஒரு சுத்துன்னு அடிக்கச் சொன்னேன். சாயந்திரம் வரைக்கும் தட்டுனாவ. ஒவ்வொரு படம் வரும்போதும் நான் தலைய நீட்டிப் பாப்பேன், கடுகத்தண்டி நீலம் தெரியாதான்னு. ஒண்ணுல ஓரத்துல லேசாத் தெரிஞ்சுச்சு. “அந்தா”ன்னேன். ஆணி சரியா இறுகல சார்னு சொல்லி அந்தம்மா இன்னொரு ஆணிய அடிச்சாவ. அதுவும் காப்பிக் கலராப் போச்சு. கடைசியில பெட்டியக் கட்டிட்டு, “சார், இந்த மரத்துல பொந்து இல்லீங்க. நீங்க வேற எங்கயாவதுதான் தேடணும்”னு சொல்லிட்டு, கும்பிட்டுட்டுப் போயிட்டாவ. படிச்ச திமிரு. நான் வேற எங்க தேட?

நாலஞ்சு நாள் கழிச்சு ஸ்தபதி வந்தாரு. மரத்தப் பாத்ததும் தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டாரு. பட்டை மேல உள்ளங்கைய வச்சுத் தடவிக்கிட்டே அடியில இருந்து நுனி வரைக்கும் நடந்தாரு. மறுபக்கமாத் தடவிக்கிட்டே திரும்பி வந்தாரு. அம்மை வார்த்த ஒடம்பு மாதிரி இருந்துச்சு மரம். நான் மெஷினப் பத்தியெல்லாம் வெளக்கமாச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மரம் எப்படின்னு வந்துச்சுன்னாரு. நல்ல மரம்னுதான் வருதுன்னேன்.

“நல்ல மரந்தான். ஆனா இனிமே இது கொடிமரத்துக்கு ஆகாது”ன்னாரு.

வேண்டிக்கிட்டு எடுத்த மரத்துல பூசைக்கு முன்னால இரும்பு குத்தக்கூடாதாம். அது பின்னப்பட்ட மரமாம், ஊனமாம். நான் சும்மா விடல, கேட்டேன். நாளைக்கி செப்புத் தகடு போத்துறப்ப ஆணி அடிக்க மாட்டீங்களா? அது செப்பு ஆணி, பூசை முடிஞ்சு அடிக்கிறதுன்னாரு. அப்ப மரத்த வெட்டுன கோடாலி இரும்பு இல்லையான்னேன். மடக்கிட்டேன்னு நெனச்சேன்.

“கோடாலி மரத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வெட்டுச்சு. இந்த ஆணி யாருகிட்டக் கேட்டுச்சு?”ன்னாரு. இந்தக் கூறுகெட்ட ஊருல அறிவியல் பேசிப் பிரயோசனம் இல்ல.

அன்னைக்கே இந்த மண்டபத்துல ஊர்க்கூட்டம். ஆம்பளைக இந்தப் பக்கம், பொம்பளைக அந்தத் தூணுக்குப் பின்னால. ஆளாளுக்குக் கத்துதான். திருவிழாவக் கெடுத்துட்டான், மரத்தக் கெடுத்துட்டான்னு என் மூஞ்சிக்கு நேரா கைய நீட்டுதான். எச்சிலு தெறிக்கி என் மேல. பிஸ்கட்டுக்கு எடையக் குறைச்சு என்கிட்ட மாட்டுனவன் ஒருத்தன், அவன் எனக்கு நியாயம் சொல்லுதான். நான் எந்திரிச்சேன். நடந்தத நடந்தபடிக்குச் சொன்னேன். “மூணு சுத்தோட அந்தம்மா போதும்னாவ. நானா அடிக்கச் சொன்னேன்? திருப்திப்படுற வரைக்கும் பாத்திருங்கன்னு சொன்னது பொருளாளர். எல்லாரும் கேட்டுட்டுத்தான நின்னீங்க? அவர் சொல்லித்தான் அத்தன ஆணியும் எறங்குச்சு.”

அதுல ஒரு வார்த்த பொய்யி உண்டா தம்பி? அவன் சொன்னதத்தான சொன்னேன்?

எல்லாரும் அவனப் பாத்தான். அவன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான். ஒரு மறுப்புச் சொல்லல. சொல்லியிருக்கலாம்லா? வாய் இருக்குல்லா? எந்திரிச்சு, “ஆமா, நாந்தான் சொன்னேன். மரத்த நான் எடுத்துக்கிடுதேன். கோயில் பணம் கோயிலுக்கு வந்துரும்”னு சொல்லிட்டு உக்காந்துட்டான். தூணுக்குப் பின்னால இருந்து ஆவுடை எந்திரிச்சு என்னப் பாத்துக்கிட்டே வந்தா. என்னமோ கேக்கப் போறான்னு நெனச்சேன். செருப்பக் கூடப் போடாம வெளிய போயிட்டா. அன்னையிலருந்து பேச்சுவார்த்தை கெடையாது. தாயில்லாப் புள்ளைக்குத் தலை சீவி ரெண்டு முடிச்சு போட்டு வளத்துவிட்டதுக்கு இதுதான் பலன்.

ஊருல என்ன பேசுனானுவன்னா, நல்ல மனுசன், அடுத்தவன் பழியையும் சொமந்துட்டான்னு பேசுனானுவ. குத்தமில்லாதவன் எதுக்கு ஒரு கெட்டுப் போன மரத்தக் கைக்காசு போட்டு எடுக்கான்? உள்ள இருக்கத ஊரு பாத்துறக்கூடாதுன்னுதான. அந்தக் கணக்கு எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுச்சு.

அதனால அவன் அந்த மரத்த அறுக்கக் குடுத்தப்ப, மரமில்லுக்கு எதுத்தாப்புல இருக்க டீக்கடையில போயி உக்காந்தேன். டீயா அது, கழனித் தண்ணி. கிளாசுல இன்னொருத்தன் ஒதடு பட்ட கறை அப்படியே இருக்கு. மூணு கிளாசு குடிச்சேன், எந்திரிச்சுப் போக மனசில்ல. வாள் ஓடுது. இன்னும் கொஞ்சம் உள்ள போனா வெளிய வந்துரும், பொந்து வந்துரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பலகை பலகையா வந்து விழுது. பொன்னு கலரு. ஒரு புழுக்குத்து இல்ல. மரத்த மாத்திட்டானோன்னு பாத்தா, ஒதுக்கிப் போட்ட பட்டையில என் ஆணித் தழும்பு அப்படியே வரிசையா இருக்கு. அறுக்கிறவனே வாள நிறுத்திட்டு, இப்படி ஒரு மரத்த அறுக்கக் கை வரலையேன்னான். அவனுக்கும் காசு குடுத்திருப்பான்னு வையுங்க.

அப்புறம் தெய்வநாயகம் கமிட்டிய விட்டு வெலகிட்டான். கோயிலுக்கும் வாரதில்ல. முன்னால எல்லாம் காலையில நடை தெறந்ததும் அவன்தான் முதல் ஆளா நிப்பான், சாமி கும்பிட்டுட்டுத்தான் கடை தெறப்பான். இப்ப நேரா கடைக்குப் போயிருதான். ஆளு பாதியா எளச்சிட்டான். நான் என்ன செய்ய? நானும் வெலகிட்டேன். அவனுவ என்னைய நீக்கிட்டதாச் சொல்லுவானுவ, நம்பாதீங்க. புதுக் கமிட்டிக்காரனுவ இன்னும் மரம் தேடுதானுவ, ஒரு ஸ்தபதியும் இந்தக் கோயிலுக்கு வர மாட்டேங்கான்.

அந்தப் பலகையில தெய்வநாயகம் வீட்டுக்கு வாசக்கதவு செஞ்சு போட்டான். நான் பாலு வாங்க அந்தத் தெரு வழியாத்தான் போவேன். நேர் வழி ஒண்ணு இருக்கு, அது பூரா சாக்கடை, பன்னி உருளும், அதனாலதான் இந்த வழி. போகும்போதெல்லாம் அந்தக் கதவு கண்ணுல படும். பூ வேலை கெடையாது, வார்னிஷு கெடையாது. வெறும் எண்ணெய் போட்ட பலகை. எனக்கு ராத்திரி உறக்கம் வராது தம்பி. மெஷினு முழத்துக்கு ஒரு எடம்தான பாத்துச்சு? வாளு அறுத்தது பலகைக்குப் பலகைதான? ஒரு பலகைக்கு உள்ள, அந்த ரெண்டு விரக்கடை கனத்துக்கு உள்ள, என்ன இருக்குன்னு யாரு பாத்தா?

போன மாசம் ஒரு நாள், நல்ல மத்தியானம். தெருவுல ஒரு குஞ்சு இல்ல. கதவு சாத்தியிருந்துச்சு. எவனும் பாக்கானான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் படியில ஏறுனேன். காதக் கதவுல வச்சுக்கிட்டு வெரல மடக்கித் தட்டுனேன். முதல்ல கீழ. அப்புறம் கொஞ்சம் மேல. ஒவ்வொரு பலகையா, ஒவ்வொரு சட்டமா. எல்லா எடத்துலயும் ஒரே சத்தந்தான் வருது. கடைசிச் சட்டத்துக்கு வந்திருப்பேன், உள்ளருந்து கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. நான் காத எடுக்கதுக்குள்ள தாழ்ப்பாள் நீங்கிட்டு.

ஆவுடை நிக்கா. தலையில பாதி நரைச்சிருக்கு, எப்ப நரைச்சுச்சுன்னு தெரியல. கையில சோத்து ஈரம். என்னப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. உள்ள திரும்பி, “என்னங்க, அண்ணன் வந்திருக்காவ”ன்னா. உள்ள இருந்து அவன் கொரலு, “வரச் சொல்லு, எலையப் போடு”ன்னுச்சு.

“உள்ள வாங்கண்ணே. நீங்க ஒரு நாள் வந்து தட்டுவீங்கன்னு அவுக சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ”ன்னா. சொல்லிட்டு முந்தானையால மூக்கத் தொடைக்கா, கண்ணத் தொடைக்கா. எனக்கு இந்த ஒழுகுற வேலையெல்லாம் ஆகாது. சின்னப்புள்ளையிலயும் அவ அப்படித்தான், சளியும் கண்ணீருமா வந்து நிப்பா, நாந்தான் தொடைச்சு விடணும். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல பாருங்க, உள்ளதச் சொல்லிட்டேன்.

“நான் உங்களப் பாக்க வரல, ஆவுடை. பலகையில பொந்து இருக்கான்னு தட்டிப் பாத்தேன்.”

மூஞ்சியத் தொடைச்சிக்கிட்டு இருந்த முந்தானை அப்படியே கையில நின்னுட்டு. உள்ள அவனே எலை போடுற சத்தம் கேக்கு, தண்ணி தெளிக்கிற சத்தம் கேக்கு. என்ன அடியில இருந்து தலை வரைக்கும் ஒரு தடவ பாத்தா. பாத்துட்டு, கதவச் சாத்துனா. கோவத்துல அறைஞ்செல்லாம் சாத்தல தம்பி, மெதுவாத்தான் சாத்துனா. நான் படியிலயே நின்னேன். நல்ல கனத்த சத்தம் அது. கீழருந்து மேல வரைக்கும் ஒரே சத்தம். எங்கனயும் ஒரு பொந்து இல்ல.